காற்று வராத பதினேழு நாள்

இறைவன் சுன்னேவாவுக்கு அழகைக் கொடுக்கவில்லை, குரலைக் கொடுக்கவில்லை, பொறுமையைக் கொடுப்பதாக எண்ணம்கூட அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மூக்கு ஒன்றைக் கொடுத்தான். அதையும் வடகடலின் நடுவே, ஃபாரோ தீவுகளுள் ஒன்றில், மலைச்சரிவு கடலுக்குள் இறங்கும் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு வீட்டு ஊரில் பிறந்தவளுக்குக் கொடுத்ததுதான் அவன் திருவிளையாடல். பூக்கள் மலிந்த நாட்டில் அந்த மூக்கு ஒரு செல்வமாக இருந்திருக்கும். இங்கே அது ஐம்பத்து நான்கு ஆண்டுகளாக இறக்கிவைக்க இடமில்லாத சுமை.

அத்தீவுகளில் பருவங்கள் உண்டு. ஆனால் அவை வரிசையில் நிற்பதில்லை. காலையில் கார்காலம்போல் கொட்டும். நண்பகலில் ஒரு நாழிகை இளவேனில் எட்டிப் பார்க்கும். பொழுது சாய்வதற்குள் பனி தூவும். மற்றவர்கள் நாட்காட்டியைப் பார்த்தே இன்ன பருவம் என்று தெளிந்தார்கள். சுன்னேவா கண்ணை மூடிக்கொண்டு அறிந்தாள். மலையில் பனி உருகத் தொடங்கியதும், குளிர்காலப் புயலில் விழுந்து பனிக்கடியில் புதைந்த ஆடுகள் ஒவ்வொன்றாக அழுகி வெளிப்படும். ஊரார் அதை வசந்தம் என்பார்கள். கோடையில் செங்குத்துப் பாறைகளில் கூடுகட்டும் கடற்பறவைகள், குஞ்சு பிடிக்கக் கயிற்றில் இறங்கும் ஆண்கள்மேல் வயிற்றிலிருந்து மஞ்சள் எண்ணெயைக் கக்கும். அவள் கணவன் ஹானுஸ் அந்த எண்ணெய் படிந்த கம்பளிச் சட்டையோடு சமையலறைக்குள் வந்து காப்பி கேட்பான். மூன்று முறை சாம்பல்நீரில் வெளுத்தாலும் அந்த நெடி அகலாது. மறு ஆண்டும் அதே சட்டையைத்தான் அணிவான். பிறகு மூடுபனி கடலிலிருந்து ஊர்ந்து வந்து கூரைகள்மேல் படுத்துக்கொள்ளும். திமிங்கிலக் கொழுப்பு ஊறும் உப்புத் தொட்டிகளின் வீச்சம் எழுந்துபோக வழியின்றி வீடுவீடாகச் சுற்றிவரும். கூதிரில் ஆடறுப்பு, குருதியும் குடலும். முன்பனி தொடங்கிவிட்டால் கதவடைத்த வீட்டுக்குள் அடுப்பில் எரியும் கரிமண்ணின் புகையும் ஈரக் கம்பளியும் மனிதரும்.

இத்தனையிலிருந்தும் அவளைக் காத்தது காற்று ஒன்றே. ஊரின் மற்றப் பெண்கள் அதைச் சபித்தார்கள். அது துணிகளைக் கடலுக்குக் கொண்டுபோகும்; படகுகளைக் கவிழ்க்கும்; ஒருமுறை பள்ளிக்கூடத்தின் கூரையையே பெயர்த்துக்கொண்டு போனது. பாதிரியார் ஆண்டுக்கு ஆறுமுறைதான் படகில் வருவார். எஞ்சிய ஞாயிறுகளில் ஊரார் தாமே கூடித் துதிகளைப் பாடுவார்கள். காற்றையும் கடலையும் அதட்டி அடக்கியவனைப் போற்றும் அடி வரும்போது சுன்னேவா மட்டும் வாயை மூடிக்கொள்வாள். காற்றை அடக்கும்படி அவள் ஏன் வேண்ட வேண்டும்?

அவ்வூர் இறைச்சிக்கும் காற்றுதான் அடுப்பு, காற்றுதான் உப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் பலகைச் சட்டங்களை விரலிடை விட்டு அடித்த ஒரு காற்றுக்கொட்டகை நிற்கும். அக்டோபரில் அறுத்த ஆடுகளை முழுதாக அதில் தொங்கவிடுவார்கள். குளிர்ந்த கடற்காற்று சட்டங்களின் இடுக்கில் நுழைந்து நுழைந்து வெளியேற, இறைச்சி மெல்லப் பதமேறும். மேலே வெண்பூசணம் பூக்கும். நல்ல பதமான இறைச்சியே வெளியூரானை வாசலோடு திருப்பி அனுப்பும் அளவுக்கு நாறும். அந்த நாற்றத்துக்கும் கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்துக்கும் இடையில் மயிரிழை இடைவெளிதான். அந்த மயிரிழை சுன்னேவாவின் மூக்குக்கு மட்டும் பெருஞ்சாலையாகத் தெரிந்தது.

இதை ஊர் அறிந்தது அவளுடைய ஒன்பதாம் வயதில். ஒரு ஞானஸ்நான விருந்தில் தட்டு தன் முன் வந்ததும் "இது கெட்டது" என்றாள். பெரியவர்கள் முன்னிலையில் அப்படிச் சொன்னதற்காகத் தாய் கன்னத்தில் அறைந்தாள். இரண்டு நாள் ஊரே வாந்தியெடுத்தது. ஒரு கிழவர் படுக்கையிலிருந்து எழவே இல்லை. அதன்பின் எந்த வீட்டிலும் நவம்பரில் முதல் துண்டு வெட்டுவதற்குமுன் அவளை அழைப்பது வழக்கமாயிற்று.

சென்ற ஆண்டு அண்டை வீட்டு எல்ஸ்பாவின் கொட்டகைக்கு அழைத்தார்கள். எல்ஸ்பாவின் கணவன் தும்மாஸ் புதிதாகக் கட்டிய படகுக்குடில் வடக்குக் காற்றை மறித்து நின்றது. சுன்னேவா ஏழு ஆடுகளின் தொடையிலும் எலும்புவரை கத்தியை இறக்கி, மோந்து, கத்தியைப் புல்லில் துடைத்தாள்.

"கெட்டது. ஏழும்."

"ஏ சுன்னேவா, நெசமாவா சொல்ற? ஏழு ஆடுடி."

"எழுபதா இருந்தாலும் கெட்டது கெட்டதுதான்."

"எல்லாக் கொட்டகையும் இப்பிடித்தானே நாறுது?"

"எல்லாரும்தான் பேசறாங்க. எவன் பொய் சொல்றான்னு உனக்குத் தெரியாதா?"

தும்மாஸ் ஏழையும் பாறை விளிம்புக்கு இழுத்துச் சென்று கடலில் தள்ளினான். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவ்வீட்டில் காய்ந்த மீன்தான். எல்ஸ்பா சுன்னேவாவோடு பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் வழியில் காணும்போதெல்லாம் தாடையைத் தடவிக்காட்டி, "மென்னு மென்னு தேஞ்சுபோச்சு" என்பாள்.

இந்த ஆண்டு சுன்னேவாவின் ஒரே மகள் ரன்வாவுக்குத் திருமணம். மாப்பிள்ளை எதிர்த் தீவுக்காரன். டிசம்பர் முதல் சனிக்கிழமை என்று நாள் குறித்து, இரண்டு தீவும் வயிறார உண்ணப் பன்னிரண்டு ஆடுகளை ஒதுக்கினார்கள். அக்டோபர் பத்தாம் நாள் அறுப்பது ஹானுஸின் குடும்ப வழக்கம்; அவன் தந்தை அந்நாளில் அறுத்தார், பாட்டனார் அந்நாளில் அறுத்தார். ஒன்பதாம் நாள் காற்று படுத்துவிட்டது. தெற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரம் வந்து மலையின் தோளில் உட்கார்ந்துகொண்டது.

"நாலு நாள் பொறு ஹானுஸ். காத்தே இல்ல."

"காத்து எங்க போயிடும்? இந்தத் தீவுல காத்து இல்லன்னு யாராவது சொன்னா மாடு கூட சிரிக்கும். நாளைக்கு வந்து உன் தலையில இருக்கற துணியப் பிடுங்கும் பாரு."

காற்றைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதன் செய்யக்கூடிய பிழை அது. பத்தாம் நாள் பன்னிரண்டையும் அறுத்துத் தொங்கவிட்டான். சென்ற ஆண்டு பட்டறிந்த தும்மாஸ் மட்டும் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு வாசலில் புகை பிடித்துக்கொண்டிருந்தான்.

காற்று மறுநாள் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. பதினேழு நாள் ஒரு புல்நுனி அசையவில்லை. அடுப்புப் புகை கூரையேறிப் பத்தடிகூடப் போகாமல் முற்றத்துக்கே திரும்பி இறங்கியது. அக்டோபரில் எவரும் கண்டிராத பெரிய நீல ஈக்கள் எங்கிருந்தோ எழுந்து வந்து சட்டங்களின் இடுக்கில் நுழைந்தன. வெளியே போக அவற்றுக்கு அவசரமில்லை. ஐந்தாம் நாள் கடாக்களின் தொடைமடிப்பில் வெள்ளை முட்டைத் திட்டுகள். எட்டாம் நாள் அவை அசைந்தன. சுன்னேவா முக்காட்டை மூக்கின்மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் உப்புநீரும் ஒரு கையில் கத்தியுமாக நின்று, புழுவைச் சுரண்டி வாளியில் தட்டினாள். வாளியின் அடியில் அவை கொழுகொழுவென்று ஒன்றன்மேலொன்று ஏறி நெளிந்தன. கோழிகள்கூட இரண்டு கொத்துக் கொத்திவிட்டு விலகிப் போயின. அன்று முதல் அவளுக்கு மீனும் கிழங்கும் சரியாக இறங்கவில்லை. வெந்த கிழங்கின் தோல் உரியும்போதும் அது அசைவதுபோல் தோன்றிற்று.

பதினெட்டாம் நாள் வடக்கிலிருந்து வாடைக்காற்று வந்தது, எதுவும் நடவாததுபோல. தும்மாஸ் அன்றே தன் ஆடுகளை அறுத்தான். ஹானுஸின் கொட்டகையில் இறைச்சியின் மேற்புறம் இறுகிற்று. ஈக்கள் செத்து விழுந்தன. இரண்டு வாரத்தில் வெண்பூசணம் படர்ந்து பன்னிரண்டும் பார்ப்பதற்கு மாவு பூசிய சிற்பங்கள்போல் நின்றன.

அந்த இரண்டு வாரமும் சுன்னேவா தினமும் கொட்டகைக்குள் போய் வந்தாள். ஆனால் கதவைத் திறக்குமுன் வாயைத் திறந்துகொள்வாள். உள்ளே நிற்குமட்டும் வாயாலேயே மூச்சு விடுவாள். ஊரார் கொட்டகைகளில் நாய்போல் மோந்து திரிந்தவள் தன் கொட்டகையில் மட்டும் மூக்கில்லாதவளாக ஆனாள். தான் அப்படிச் செய்வதை அவள் அறிந்திருந்தாள். புழுவைவிட அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மணப்பெண் வீட்டுக் கொட்டகையில் முதல் துண்டு வெட்டும்போது மாப்பிள்ளையின் தாய் உடனிருப்பதும், அண்டை வீட்டுக்காரி ஒருத்தி சாட்சியாக நிற்பதும் அவ்வூர் முறை. பெண்ணின் தாய் வெட்டி, மோந்து, "நல்லது" என்று சொல்ல வேண்டும். அதை வேகவைத்து மாப்பிள்ளையின் தாய் முதலில் உண்பாள். அந்த ஒரு சொல்லின்மேல்தான் விருந்து நிற்கும். நவம்பர் பாதியில், கடல் அடங்கியிருந்த ஒரு நாளில், சம்பந்தி பிரீட்டாவின் படகு வரும் என்று செய்தி வந்தது.

அன்று காலைக் காப்பியின்போது ஹானுஸ் பேச்சை எடுத்தான்.

"பூசணம் எப்பிடிப் பூத்திருக்கு பாத்தியா? எங்கப்பா காலத்துல கூட இப்பிடி வந்ததில்ல."

"எலும்புகிட்ட?"

"எலும்பை யாரு திங்கப்போறா?"

சுன்னேவா கோப்பையை மேசைமேல் வைத்தாள். "ஹானுஸ், அது உள்ள போயிடுச்சு. உனக்கும் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு தடவ கொதிக்க வச்சுத் தண்ணிய ஊத்திடு. கிழங்கு நெறையப் போடு. வந்தவங்க ஆட்டத்துல இருப்பாங்க, குடியில இருப்பாங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு எதுதான் தெரியல? முப்பது வருசமா என் சட்டை நாறுது, என் தொப்பி நாறுது. நான் செத்தாலும் பெட்டிய சீக்கிரம் மூடுங்கன்னுதான் சொல்லுவ."

"சொல்லுவேன்."

"சொல்லு. ஆனா இன்னைக்கு ஒருநாள் வாயத் தொறக்காத. எல்ஸ்பா முன்னாடி, சம்பந்தி முன்னாடி, என் கொட்டகைய நாறவைக்காத. பொண்ணு மொகத்தப் பாரு."

ரன்வா சன்னலருகே திருமண மேசைவிரிப்பின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை, ஊசி மட்டும் நின்றுவிட்டது.

பிரீட்டா அகன்ற தோளும் கறுப்புப் போர்வையுமாக, கடற்குமட்டலில் வெளிறிய முகத்தோடு கரையேறினாள். எல்ஸ்பா ஏற்கெனவே கொட்டகை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஹானுஸ் முன்னதாகவே மிகப் பெரிய கடாவின் விலாப்புறத்தைக் கதவுப்பக்கம் திருப்பி வைத்திருந்தான். விலா மெல்லியது, காற்று எளிதில் ஊடுருவியது, அங்கே வெட்டினால் குறை தெரியாது. கத்தியையும் அதன்மேலேயே செருகி வைத்திருந்தான்.

சுன்னேவா உள்ளே நுழைந்தாள். கத்தியை உருவினாள். எல்ஸ்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி வாயத் தொறந்து வச்சிருக்க? ஈ புடிக்கவா?"

"சளி."

"ஓ. சளியா." எல்ஸ்பா தன் தாடையை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

சுன்னேவா கத்தியை விலாவின்மேல் வைத்தாள். அப்போது பிரீட்டா முன்வந்து அவள் முழங்கையைத் தொட்டாள். தொட்ட கை படகுத் துடுப்பின் ஈரத்தோடு குளிர்ந்திருந்தது.

"சளின்னா விடுங்க சம்பந்தி, எதுக்குச் சிரமப்படறீங்க? உங்க மூக்கப் பத்தி எங்க தீவு வரைக்கும் தெரியும். நல்லதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, கண்ண மூடிக்கிட்டுத் தின்னுடறேன். என் பேரப்புள்ளைங்களுக்கும் நானே ஊட்டிவிடுவேன்."

ஹானுஸ் வாசலில் நின்று தன் காலணியைப் பார்த்தான். சுன்னேவாவுக்குத் தன் நாக்கின்மேல் அந்தக் காற்றின் சுவை தெரிந்தது. மூக்கை அடைத்தால் நாற்றம் நாக்கில் வந்து உட்காரும் என்பதை இந்த இரண்டு வாரத்தில் அவள் கற்றிருந்தாள். தின்கிறேன் என்று சொல்லி நிற்பவளின் பரந்த, வெளிறிய, ஐயமே அற்ற முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வயதில் வாங்கிய அறை எந்தக் கன்னத்தில் என்று அவளுக்கு நினைவு வந்தது.

வாயை மூடினாள். மூக்கால் இழுத்தாள்.

அது ஒரே மூச்சில் வயிறுவரை இறங்கிற்று: இனிப்பு கலந்த, சளிபோல் கொழகொழத்த, நீரில் ஊறிய பிணத்தின் இனிப்பு. கண்ணில் நீர் வந்தது. அவள் கடாவைத் திருப்பி, தொடையில் எலும்பு தட்டும்வரை கத்தியை இறக்கிப் பிளந்தாள். வெண்ணிறப் பூசணத்துக்குக் கீழே சிவந்த தசை. அதற்குக் கீழே சாம்பல். எலும்பைச் சுற்றிப் பச்சை படர்ந்த கூழ். கத்தியை எடுத்தபோது அது நூலாக நீண்டு கூடவே வந்தது.

"கெட்டது" என்றாள்.

அடுத்ததைப் பிளந்தாள். அதற்கடுத்ததை. பன்னிரண்டிலும் கத்தி இறங்கியது. பன்னிரண்டிலும் ஒரே சொல். பிறகு வெளியே ஓடி, கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உண்ணாத வயிற்றிலிருந்து பித்தநீரை வாந்தியெடுத்தாள்.

முதலில் பேசியவள் பிரீட்டா. "சரி விடுங்க. என் பையன் உங்க பொண்ணத்தான் கட்டிக்கப் போறான், ஆட்டுக்கறிய இல்ல." பிறகு தானும் சுவரின் மறுபக்கம் போய் வாந்தியெடுத்தாள், படகில் வராதது இங்கே வந்தது.

ரன்வா விரிப்பைக் கையில் சுருட்டியபடி வந்து நின்றாள். "எல்லாருக்கும் ரெண்டு ஓட்ட இருக்கு, மூச்சு விட. ஒருநாளு, ஒரே ஒருநாளு, நீ அத அடைச்சிட்டு இருந்திருக்கக் கூடாதாம்மா?"

"ரெண்டு வாரமா அடைச்சிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் சுன்னேவா.

இதன் பின்னும் ஹானுஸ் ஒரு காரியம் செய்ய மீதி வைத்திருந்தான். சினத்தோடு பன்னிரண்டையும் சறுக்குப் பலகையில் ஏற்றி, தெற்கு விளிம்பு தொலைவென்று, வடக்குப் பாறைக்கு இழுத்துப் போனான். வடக்கில் எதையும் எறியக்கூடாது என்பது நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தெரியும். வாடை செங்குத்துப் பாறையில் மோதி மேல்நோக்கியே வீசும். கீழே போட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும்.

"ஹானுஸ், தெக்கால போ" என்று தும்மாஸ் வேலிக்கு அப்பாலிருந்து கூவினான்.

"காத்தே இல்லையே, கண்ணு தெரியலயா உனக்கு?"

ஒரே பருவத்தில் இரண்டாம் முறை அவன் காற்றின் மனத்தைத் தானே தீர்மானித்தான். மூன்றாவது ஆடு விளிம்பைத் தாண்டும்போது வாடை எழுந்தது. பதினேழு நாள் வராமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து வந்ததுபோல் வந்தது. பாறை இடுக்கில் சிக்கிய உடல்களிலிருந்து கூழும் கிழிந்த தோலும் மேலே பறந்தன. ஹானுஸின் நெஞ்சில், தாடியில், வாயில் அறைந்தன. அவன் குனிந்து உமிழ்ந்துகொண்டிருக்க, காற்று அவன் தலைக்குமேல் ஊருக்குள் போயிற்று. புல் வேய்ந்த கூரைகளில் பச்சைத் துணுக்குகள் ஒட்டின. கொடியில் உலர்ந்த படுக்கை விரிப்புகளில், காய்ந்துகொண்டிருந்த மீனில், பள்ளிக்கூடச் சன்னலில் ஒட்டின. இருபத்திரண்டு வீட்டுக் கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அறைந்து மூடின. சுன்னேவா முற்றத்தில் முக்காடின்றி நின்றாள். வாழ்நாளெல்லாம் எந்தக் காற்றை இரட்சிப்பாக எண்ணியிருந்தாளோ அது அவள் வீட்டு அழுகலை அவள் தலைமுடிக்குள் தேய்த்துவிட்டுப் போயிற்று.

அடுத்த ஞாயிறு, காற்றையும் கடலையும் அதட்டியவனைப் போற்றும் அடியை அவள் முதன்முறையாக உரக்கப் பாடினாள். சுருதி சேரவில்லை. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் கழுவவேண்டிய கூரை இருந்தது.

திருமணம் குறித்த நாளிலேயே நடந்தது. நீண்ட மேசைகளில் கிழங்கும் காய்ந்த மீனும் திமிங்கிலக் கொழுப்பும். எதிர்த் தீவார் முறைக்கு முகம் சுளிக்காமல் மென்றார்கள். மெல்லும் ஓசை பேச்சைவிட உரக்கக் கேட்டது. ஹானுஸ் ஒரு மூலையில் தாடியை அடியோடு மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான். எவ்வளவு கழுவியும் போகாததால் மழிக்கவேண்டியதாயிற்று. ரன்வா தாயின் பக்கம் பாராமலே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எல்ஸ்பா வந்தாள். கைகளில் ஒரு பெரிய தட்டு. அதில் வேகவைத்த ஒரு முழுத்தொடை, ஆவி பறக்க. பின்னால் தும்மாஸ் இன்னும் இரண்டு தட்டுகளோடு. அவள் மணமக்களைக் கடந்து, பிரீட்டாவைக் கடந்து வந்து, தட்டைச் சுன்னேவாவின் முன் வைத்தாள். மெல்லும் ஓசை நின்றது.

"மோந்து பாரு."

சுன்னேவா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இங்கயா?"

"போன வருசம் ஊரு பாக்கத்தான மோந்த?"

சுன்னேவா வாயை மூடிக்கொண்டாள். குனிந்தாள். எலும்போரம் கத்தியால் விலக்கி, மெல்ல, நீளமாக இழுத்தாள். உப்பும் கடலும் குளிரும். பதமேறிய இறைச்சியின் கூர்மையான, நேர்மையான நாற்றம். ஆறு வாரத்தில் முதன்முறையாக அவள் வாயில் நீர் ஊறியது.

"நல்லது" என்றாள்.

"அது எனக்கும் தெரியும்." எல்ஸ்பா கத்தியை வாங்கி முதல் துண்டை அறுத்தாள். "ஆனா எங்க வீட்டுக்காரன் நீ சொல்லாம வாயில வைக்கமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். சொந்தக் கொட்டகையவே கெட்டதுன்னவ சொன்னாத்தான் நம்புவானாம். இத்தன நாளா அப்பிடியே தொங்குது."

துண்டைச் சுன்னேவாவின் தட்டில் போட்டுவிட்டு, பக்கத்தில் இடம் செய்துகொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே முகத்தைச் சுளித்து ஒரு விரற்கடை தள்ளிக்கொண்டாள்.

"உன் தலமுடி இன்னும் நாறுதுடி."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சுன்னேவா உண்ணத் தொடங்கினாள்.